புளிப்பு மண்ணின் புதர்

முழங்கால் வலிக்குத் தடவுகிற களிம்பின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும் ஒரு வாசனை உண்டு. கற்பூரமும் இல்லை, புதினாவும் இல்லை; கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் மருந்துக்கடை நெடியும் கலந்தது. மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளின் வாசனை அது. களிம்பு வந்த அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் சிலவற்றில் 'கந்தபுரா தைலம்' என்று அச்சிட்டிருப்பார்கள். அதுவும் இதேதான். இந்த வாசனையை இலைக்குள் வைத்துக்கொண்டு ஒரு புதர் நீலகிரியிலும் பழனிமலையிலும் மூணாறு பக்கத்து உயரங்களிலும் சோலைக்காட்டின் ஓரமாக நிற்கிறது. தாவரவியலார் அதற்கு வைத்த பெயர் கால்தீரியா ஃபிராகிராண்டிஸ்ஸிமா. ஊட்டிக் கடைகளில் கேட்டால் விண்டர்கிரீன்.

எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் ஊட்டிக்குப் போய்விட்டு இந்த எண்ணெயில் ஒரு குப்பி வாங்கி வந்தார். டீக்கடைப் பெஞ்சில் அதை என் கையில் கொடுத்து, "தம்பி, இது செடியில இருந்து எடுத்ததா, இல்ல கெமிக்கலா? மோந்து பாத்துச் சொல்லுங்க" என்றார். மோந்து பார்த்துச் சொல்ல முடியாது என்பதுதான் பதில். ஏன் முடியாது என்று சொல்லப் போனால் செடி நிற்கும் மலைவரைக்கும் போக வேண்டும். அதனால் இன்னொரு டீ சொன்னோம்.

இலையிலிருந்தே தொடங்கலாம். செடியில் இருக்கும் இலையைப் பறிக்காமல் முகர்ந்தால் பெரிதாக ஒன்றும் தெரியாது. விரலில் கசக்கினால் குப்பென்று களிம்பு வாசனை வரும். காரணம், வாசனைப் பொருள் இலைக்குள் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. சர்க்கரையோடு பிணைந்து, வாசனையே இல்லாத ஒரு கூட்டுப்பொருளாக இருக்கிறது. அந்தப் பிணைப்பை அறுக்கும் நொதி அதே இலையில் தனியாக இருக்கிறது. இலை கிழிந்தாலோ பூச்சி கடித்தாலோ இரண்டும் சேர்ந்துவிடும், எண்ணெய் விடுபடும். ஆகவே எண்ணெய் வடிப்பவர்கள் இலையை நேராகக் கொதிகலனில் போடுவதில்லை. முதலில் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, நொதி தன் வேலையை முடிக்கக் காத்திருந்து, பிறகே ஆவியில் வடிப்பார்கள். வடித்ததில் இன்னொரு விசேஷம்: எண்ணெய் தண்ணீருக்கு அடியில் நிற்கும். யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல் போன்ற வாசனை எண்ணெய்கள் மேலே மிதப்பவை. இதுவோ தண்ணீரைவிட ஏறக்குறைய 1.18 மடங்கு கனம்.

மற்ற வாசனை எண்ணெய்கள் பத்து இருபது பொருள்களின் கலவை. இதில் 95 சதவீதத்துக்கும் மேல் ஒரே பொருள். 1843-இல் பிரான்சு நாட்டு வேதியியலாளர் ஒகுஸ்த் காவூர் அமெரிக்க விண்டர்கிரீன் எண்ணெயில் இந்தப் பொருளைப் பிரித்து அடையாளம் கண்டார். அமெரிக்கச் செடி தரையோடு படரும் ஒரு சிறு உறவினம். நம் மலைச்செடி ஆளுயரப் புதர். எண்ணெய் மட்டும் இரண்டிலும் ஒன்றே. இவ்வளவு சுத்தமான ஒற்றைப் பொருள் என்றால் தொழிற்சாலையில் செய்வது எளிது. சாலிசிலிக் அமிலத்தையும் மெத்தனாலையும் சேர்த்தால் முடிந்தது. இன்று உலகச் சந்தையில் ஓடுவதில் பெரும்பங்கு அப்படிச் செய்ததுதான்.

நீலகிரியில் இதற்கு ஒரு கிளைக்கதை உண்டு. சின்கோனா மரப்பட்டையிலிருந்து கொய்னா எடுக்கும் ஆராய்ச்சிக்காக மதராஸ் அரசு ஜான் பிராட்டன் என்ற வேதியியலாளரை ஊட்டியில் வைத்திருந்தது. 1866-இல் வந்து 1874 வரை இருந்தார். அவர் இந்தக் காட்டுச்செடியின் எண்ணெயையும் ஆராய்ந்தார். அதிலிருந்து கார்பாலிக் அமிலம், அதாவது அந்தக் காலத்து ஆஸ்பத்திரிக் கிருமிநாசினி, செய்ய முடியும் என்று காட்டினார். நிலக்கரித் தாரிலிருந்து அதே அமிலம் மலிவாக வந்துவிட்டதால் அந்த யோசனை வளரவில்லை. மலைச்சரிவுகளுக்கு அது நல்லதாகப் போயிற்று என்றுதான் நான் நினைக்கிறேன்.

"அப்போ கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லுதீங்களா?" என்று அண்ணாச்சி கேட்டார். ஏமாற்று என்று தீர்க்கமாகச் சொல்ல முடியாது. நேபாளத்தில் இதே செடியைத் தசிங்கரே என்று சொல்கிறார்கள். தோலகா மாவட்டம் போன்ற இடங்களில் ஊர்க்காட்டுக் குழுக்கள் இலை பறித்து வடித்து விற்பது நல்ல வருமானமுள்ள தொழில். அசல் எண்ணெய் சந்தையில் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் மூக்குக்கு இரண்டும் ஒன்று. தண்ணீரில் விட்டுப் பார்த்தாலும் இரண்டுமே அடியில்தான் போகும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால்தான் வித்தியாசம் தெரியும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதே கடையில் பக்கத்துத் தட்டில் 'நீலகிரித் தைலம்' என்று இருப்பது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த யூகலிப்டஸ் மரத்தின் எண்ணெய்.

இந்தப் பொருளைச் செடி நமக்காகச் செய்யவில்லை. கடிக்கும் பூச்சிக்கு அது பிடிக்காது என்பது ஒரு பயன். 1997-இல் அமெரிக்காவில் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்து இல்யா ராஸ்கின் குழு புகையிலைச் செடியை வைத்து இன்னொன்றைக் காட்டியது. வைரஸ் தாக்கிய செடி மெத்தில் சாலிசிலேட்டைக் காற்றில் விடுகிறது. அதை உள்வாங்கும் பக்கத்துச் செடி நோயை எதிர்க்கத் தயாராகிறது. பல செடிகள் மிகச் சிறிய அளவில் செய்யும் பொருளைக் கால்தீரியா மூட்டைக் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இனி குடும்பத்தைப் பார்ப்போம். எரிக்கேசி என்ற ஹீத் குடும்பம். ஸ்காட்லாந்தின் மேட்டுநிலங்களை ஊதாவாக்கும் ஹெதர், அமெரிக்கப் புளூபெர்ரி, இமயமலையின் ரோடோடென்ட்ரான் எல்லாம் இதில் சேர்த்தி. தமிழ்நாட்டு மலைகளில் இந்தக் குடும்பத்துக்கு ஆள் குறைவு. செக்கச்செவேலென்று பூக்கும் ரோடோடென்ட்ரான் மரம். அதைக் காட்டுப்பூவரசு என்றும் சொல்வார்கள். புளூபெர்ரியின் நெருங்கிய உறவான இரண்டு வாக்சினியம் இனங்கள். பிறகு நம் விண்டர்கிரீன். இலங்கையில் நுவரெலியா பக்கமும் ஹோர்ட்டன் சமவெளியிலும் தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களுக்கு இந்தக் கூட்டம் பழக்கமானதுதான். அங்கே ரோடோடென்ட்ரானுக்குத் தனித் துணையினமே உண்டு.

விண்டர்கிரீனை அடையாளம் காண்பது கடினம் இல்லை. இலை தடித்துத் தோல் மாதிரி இருக்கும். விளிம்பில் நுண்ணிய பற்கள். அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகள். இளங்கிளை சிவந்திருக்கும். பூ வெள்ளை அல்லது இளஞ்சிவப்பு, வாய் குறுகிய சிறு கலய வடிவம், கொத்தாகத் தலைகீழாகத் தொங்கும். மகரந்தப் பை நீளவாக்கில் பிளக்காது. நுனியில் ஒரு துளை, பக்கத்தில் முள் மாதிரி நீட்சிகள். தேனுக்கு நாக்கை நீட்டும் பூச்சி அந்த முள்ளில் இடித்ததும் பை ஆடி, துளை வழியே மகரந்தம் அதன் தலையில் கொட்டும். காய்தான் வினோதம். கரு நீலப் பழம் என்று நாம் நினைக்கும் சதை உண்மையில் பூவின் புல்லிவட்டம். பூ உதிர்ந்த பிறகு புல்லிவட்டம் பருத்து, நிறம் ஏறி, உள்ளே இருக்கும் உலர்ந்த காயை மூடிக்கொள்கிறது. பறவை சதைக்காகக் கொத்தும். தூசி போன்ற விதைகள் அதன் வயிற்றில் பயணம் போகும்.

இதெல்லாம் சரி, இந்தச் செடி ஏன் அங்கே மட்டும் நிற்கிறது? எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நீலகிரி உச்சிகளில் மழை அதிகம். மழை வழிந்து வழிந்து மண்ணிலுள்ள சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. மிஞ்சுவது அமில மண். புளிப்பு மண் என்று சொல்லலாம். குளிர் இருப்பதால் உதிர்ந்த இலை சீக்கிரம் மட்காது. மேல்மண் கறுப்பாக, பார்க்க வளமாகத் தெரியும். உண்மையில் அதிலுள்ள நைட்ரஜன் பெரும்பகுதி பாதி மட்கிய புரதங்களிலும் துவர்ப்புப் பொருள்களிலும் சிக்கிக் கிடக்கிறது. சாதாரணப் பயிரின் வேருக்கு அதை உடைத்து எடுக்கும் கருவி கிடையாது. கண்முன்னே சாப்பாடு இருக்கும், வாய்க்குப் போகாது.

ஹீத் குடும்பத்துக்கு அந்தக் கருவி இருக்கிறது. அது செடியினுடையது அல்ல, ஒரு பூஞ்சையினுடையது. இந்தச் செடிகளின் நுனிவேர்கள் தலைமயிரைவிட மெல்லியவை. அவற்றின் வெளிப்புற உயிரணுக்களுக்குள் பூஞ்சையிழை புகுந்து சுருள் சுருளாக நிறைந்துகொள்கிறது. அங்கிருந்து வெளியே மண்ணில் பரவி, புரதத்தை உடைக்கும் நொதிகளைச் சுரந்து, நைட்ரஜனையும் பாஸ்பரசையும் விடுவித்து உள்ளே அனுப்புகிறது. பதிலுக்குச் செடி இலையில் செய்த சர்க்கரையில் ஒரு பங்கைக் கொடுக்கிறது. புளிப்பு மண்ணில் கரைந்து நிற்கும் நச்சு உலோகங்களை வேருக்குப் போகாமல் தடுக்கும் வேலையும் இந்தப் பூஞ்சையினுடையதே. 1970-களிலிருந்து இங்கிலாந்தில் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்து டேவிட் ரீடும் அவருடைய மாணவர்களும் ஹெதர் வேர்களை வைத்து இந்த ஏற்பாட்டை விவரமாகப் பிரித்துக் காட்டினார்கள். கால்தீரியா இனங்களின் வேரிலும் இதே வகைப் பூஞ்சைதான்.

இப்படிச் சிரமப்பட்டுச் சேர்த்த நைட்ரஜனைச் செடி வீணாக்குமா? வருமானம் குறைந்த வீட்டில் ஒரு சட்டையைத் தைத்துத் தைத்து வருடக்கணக்கில் போடுவது போல, ஒருமுறை செய்த இலையை அது லேசில் உதிர்ப்பதில்லை. ஆண்டு முழுதும் பச்சையாக இருப்பதற்கும் இலை தோல்போலத் தடித்திருப்பதற்கும் வாசனைப் பொருளை வைத்துக் காவல் காப்பதற்கும் இதுதான் முதல் காரணம். மெல்லிய இலை நீண்ட நாள் தாங்காது. தாங்கினாலும் பூச்சி விடாது. பசுமை மாறாத செடி என்றால் செழிப்பான இடத்துச் செடி என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். இங்கே நேர் தலைகீழ்.

அடுத்தது குளிர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் சராசரியாக 6.5 டிகிரி வெப்பம் குறையும். எங்கள் ஊர்ப் பாளையங்கோட்டையிலிருந்து பார்த்தால் 2,637 மீட்டர் தொட்டபெட்டா ஏறக்குறைய 17 டிகிரி குளிர்ச்சி. டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே தெளிந்த இரவுகளில் உறைபனி விழும். குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டைவிடப் புல்வெளிப் பள்ளத்தில் உறைபனி கடுமை. சோலைக்காட்டு மரங்களின் கன்றுகள் மரநிழலுக்குள் இருந்தால் பிழைக்கும். திறந்த புல்வெளியில் முளைத்தால் உறைபனியில் கருகும். புல்லுக்கு அந்தப் பயம் இல்லை, வேரிலிருந்து மறுபடி கிளம்பும். ஆகவே அந்த மலைகளில் காடும் புல்வெளியும் கோடு கிழித்தாற்போலப் பிரிந்து நிற்கின்றன: நீரோடை மடிப்புகளில் சோலை, மேட்டிலும் திறந்த சரிவிலும் புல்.

விண்டர்கிரீன் நிற்பது அந்தக் கோட்டின் மேல். சோலைக்குள் அதற்கு வெளிச்சம் போதாது. நடுப்புல்லில் தூசி விதைக்கு முளைக்க வெற்றிடம் கிடைக்காது. ஓரத்தில் மண் சரிந்த இடம், பாறை இடுக்கு, சாலைக்காக வெட்டிய மண்சுவர் இவையெல்லாம் அதற்கு உகந்தவை. விதையில் சேமிப்பு கிடையாது. முளைத்தவுடன் வெளிச்சமும் பூஞ்சையும் கிடைத்தாக வேண்டும். அங்கே அதற்கு நல்ல அண்டைவீட்டாரும் உண்டு: ஊட்டிப் பிள்ளைகள் பறித்துத் தின்னும் தவிட்டுப்பழம், முள்ளோடு நிற்கும் ஊசிக்கலா, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி. குறிஞ்சிக்கு 2018-இல் கூட்டம் கூட்டமாகப் போனவர்கள் இதையும் மிதித்துக்கொண்டுதான் போயிருப்பார்கள்.

அண்ணாச்சி இங்கே ஒரு சந்தேகம் கிளப்பினார். "நேபாளத்திலயும் இருக்குன்னீங்க, ஊட்டியிலயும் இருக்குன்னீங்க. நடுவுல எப்படித் தம்பி இல்லாமப் போச்சு?" ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால்கூட இவ்வளவு சரியான கேள்வி வராது. இமயத்துக்கும் நீலகிரிக்கும் நடுவே ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் வெக்கை நிலம். ரோடோடென்ட்ரானுக்கும் இதே கதை. ஒரு விளக்கம், பனியுகத்தில் நாடே குளிர்ந்திருந்தபோது இந்தச் செடிகள் நடு இந்தியாவின் தாழ்ந்த மலைகளிலும் இருந்தன, வெப்பம் கூடியதும் மேலே ஏறி உச்சிகளில் தங்கிவிட்டன என்பது. இன்னொன்று, பறவை வயிற்றிலும் காற்றிலும் விதை தாவித் தாவி வந்தது என்பது. சதைக்கனி உள்ள விண்டர்கிரீனுக்கு இரண்டாவதும் பொருந்தும். இரண்டும் சேர்ந்தே நடந்திருக்கலாம் என்பது என் கட்சி. இந்த மாதிரி விஷயங்களில் பார்வையை நம்பக் கூடாது. நம் பொதிகையிலும் இருக்கிற வரையாட்டை இமயமலை ஆட்டின் தம்பி என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். 2005-இல் மரபணுவைப் பார்த்தபோது அது செம்மறியாட்டுக்கு நெருக்கம் என்று தெரிந்தது.

பனியுகத்துக்குச் சாட்சி நீலகிரியிலேயே கிடைத்தது. சாண்டிநல்லா பள்ளத்தாக்கில் சதுப்புக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மட்காமல் படிந்த கரி மண் இருக்கிறது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்து ராமன் சுகுமாரும் குழுவினரும் அதைத் தோண்டி, கார்பன் வகைகளின் விகிதத்தை அளந்து 1993-இல் வெளியிட்டார்கள். வறண்ட காலத்துப் புற்களும் ஈரக்காலத்து மரம் செடிகளும் வெவ்வேறு விகிதத்தில் கார்பனைச் சேர்ப்பவை. ஆகவே படிவின் ஒவ்வொரு அடுக்கும் அந்தக் காலத்துக் காட்சியைச் சொல்லும். சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் அங்கே வறட்சியும் புல்லுமே மிகுதி. பிறகு மழை கூடிச் சோலை பரவியது. அதாவது அந்தப் புல்வெளி மனிதன் காட்டை அழித்ததால் வந்த பொட்டல் இல்லை. மனிதன் அங்கே கால் வைப்பதற்கு முன்பே இருந்தது.

நம் பொதிகையில் இந்தக் காட்சி அவ்வளவு விரியாததற்குக் காரணம் உயரம். மேற்குத்தொடர் மலையைப் பாலக்காட்டுக் கணவாய் ஓரிடத்தில் அறுக்கிறது, செங்கோட்டைக் கணவாய் இன்னோரிடத்தில். செங்கோட்டைக்குத் தெற்கே உயர்ந்த சிகரமான அகத்தியர் மலையே 1,868 மீட்டர்தான். ஊட்டியிலும் பழனிமலை வந்தரவிலும் இருப்பதுபோல 2,000 மீட்டருக்கு மேல் பரந்து கிடக்கும் மேட்டுநிலம் இங்கே கிடையாது.

ஆனால் பாளையங்கோட்டைக்கும் இந்த ஹீத் குடும்பத்துக்கும் வேறு வகையில் உறவு உண்டு. ராபர்ட் வைட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் மருத்துவர். 1834-இல் விடுப்பு முடிந்து திரும்பியவரைப் படைப்பிரிவோடு பெல்லாரியிலிருந்து பாளையங்கோட்டைக்கு அனுப்பினார்கள். எழுநூறு மைல் பயணத்தில் வழியெல்லாம் செடி சேகரித்தபடியே வந்து சேர்ந்தார். பாளையில் இருந்த காலத்தில் குற்றாலத்து மலைகளை அலசினார். 1836-இல் அரசு அவரைப் பருத்தி, வேளாண்மை ஆய்வுக்கு அழைத்துக்கொண்டது. பின்னாளில் ஆறு தொகுதிகளில் 2,101 படங்களோடு அவர் கொண்டுவந்த பெருநூலுக்கும் நீலகிரிச் செடிகளுக்கான தனி நூலுக்கும் படம் வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு இந்திய ஓவியர்கள். நீலகிரி வாக்சினியத்துக்கு அறிவியல் பெயர் வைத்தவர் இந்த வைட். அதன் உறவான இன்னொன்றுக்கு, தமக்கு முன் புதுச்சேரியிலிருந்து நீலகிரி ஏறிச் செடி சேர்த்த பிரெஞ்சுக்காரர் லெஷனோவின் பெயரைச் சூட்டினார். நம் ஊர்ப் பாளையத்துக் கோட்டையைப் பற்றிப் பேசும்போது கட்டபொம்மனையும் ஊமைத்துரையையும் சொல்கிறோம். வைட்டை யாரும் சொல்வதில்லை.

மலைச்செடி ஆராய்ச்சி பாளைக்கு இன்றும் அந்நியமில்லை. தூய சவேரியார் கல்லூரியில் அருட்தந்தை வி. எஸ். மாணிக்கம் மேற்குத்தொடர் மலையின் பெரணிகளைப் பற்றிச் செய்த வேலை இந்தியா முழுக்கத் தெரிந்தது. பழனிமலைச் செடிகளை முழுதாகத் தொகுத்தவரும் ஒரு சேசு சபைத் துறவியே: திருச்சித் தூய வளனார் கல்லூரியின் கே. எம். மேத்யூ.

இப்போது விண்டர்கிரீன் நிற்கும் அந்தச் சோலையோரத்துக்கு வந்திருக்கும் ஆபத்து. புல்வெளியைப் பொட்டல் என்று நினைத்த அதிகாரிகள் 1840-களிலிருந்தே ஆஸ்திரேலிய வேட்டில் மரத்தையும் யூகலிப்டசையும் கொண்டுவந்தார்கள். முதலில் விறகுக்கு. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடவும் ரேயான் கூழுக்கும் என்று நடவு பல மடங்கு பெருகியது. பழனிமலையில் நாற்பது ஆண்டுகளில் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்ட ஆய்வு 2018-இல் வெளியானது. வேட்டில் உறைபனிக்கு அஞ்சாது. நட்ட இடத்தைத் தாண்டித் தானே பரவும். ஆங்கிலேயர் அழகுக்குக் கொண்டுவந்த மஞ்சள்பூப் புதர்களான ஸ்காட்ச் புரூமும் கோர்ஸும் அப்படியே.

நிழல் ஒரு தொல்லை. அதைவிடப் பெரியது, வேட்டில், புரூம், கோர்ஸ் மூன்றுமே அவரைக் குடும்பம். வேர்முடிச்சுகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்ப்பவை. உழவருக்கு அது வரம். ஏழை மண்ணில் மட்டுமே மற்றவரை முந்தத் தெரிந்த செடிக்கு மண் பணக்காரனாவது பெருங்கேடு. வேகமாக வளரத் தெரிந்தவை எல்லாம் அந்த ஓரத்துக்குள் வந்துவிடும். தமிழ்நாடு அரசு 2022-இல் அந்நிய ஆக்கிரமிப்புச் செடிகளை அகற்றத் தனிக் கொள்கை வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் தொடர்ந்து கேள்வி கேட்டுவருகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே அடியாக வெட்டுவதும் சரியாகாது. பல இடங்களில் வேட்டில் நிழலுக்குள் சோலைக் கன்றுகள் முளைத்து நிற்கின்றன; அங்கே பொறுமையாக விட வேண்டும். புல்வெளிக்குள் பரவும் முனையில்தான் கத்தி வேண்டும். கோடரிக்கு எளிதாக இருக்கும் இடத்தில் வெட்டிவிட்டுக் கணக்குக் காட்டுவது பயன் தராது.

வெப்பமும் சேர்ந்துகொண்டால் கணக்கு இன்னும் சிக்கல். ஒரு டிகிரி கூடினால் ஒரு செடியின் குளிர்ப்பட்டை சுமார் 150 மீட்டர் மேலே நகரும். இமயத்துச் செடிக்கு ஏற இன்னும் மலை இருக்கிறது. தொட்டபெட்டாவில் நிற்பதற்கு 2,637-க்கு மேல் ஒன்றும் இல்லை.

கடைசியாக அண்ணாச்சி கேட்டது எதிர்பார்த்ததுதான். "ஒரு கம்பு ஒடிச்சிட்டு வந்து நம்ம வீட்டுத் தொட்டியில வச்சா வருமா?" வராது. மே மாத வெயில் ஒரு காரணம் என்றால் நம் மண்ணிலும் தண்ணீரிலும் உள்ள சுண்ணாம்பு இன்னொரு காரணம். பாளையைத் தாண்டித் தாழையூத்தில் 1949-இல் இந்தியா சிமெண்ட்ஸ் தன் முதல் ஆலையைக் கட்டியது அங்கே சுண்ணாம்புக்கல் கிடைத்ததால். சுண்ணாம்பு ஏறிய மண்ணில் இரும்புச்சத்து கரையாது. ஹீத் குடும்பத்துச் செடி நரம்பு மட்டும் பச்சையாக, இலை மஞ்சளாகி, கொஞ்ச நாளில் சாகும். தேயிலையும் புளிப்பு மண் கேட்கும் செடிதான். அதனால்தான் நம் மாவட்டத்தில் அது மாஞ்சோலையில் வளர்ந்தது, மேலப்பாளையத்தில் வளரவில்லை. தவிர, காப்புக்காட்டில் கம்பு ஒடிப்பது குற்றம்.

ஊட்டிக்குப் போகிறவர்கள் சாலையோரச் சரிவில் சிவந்த கிளையும் தொங்கும் வெள்ளைக் கலயங்களுமாக ஒரு புதரைக் கண்டால், கீழே விழுந்து கிடக்கும் இலை ஒன்றை எடுத்துக் கசக்கிப் பாருங்கள், போதும். வீட்டில் குப்பி இருந்தால், செடியிலிருந்து வந்ததோ ஆலையிலிருந்து வந்ததோ, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஒரு தேக்கரண்டி எண்ணெய் இருபதுக்கும் மேற்பட்ட ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமம். சின்னப் பிள்ளை குடித்தால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தடவவும் வேண்டாம். இவற்றைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி குப்பியை அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறார், நீங்களும் வையுங்கள்.